ராமோ சாமி யார்? 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மக்களின் பொழுதுபோக்கில் பேரரசு

பழையதாள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது பெரிய கேள்வி ஒன்றில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821-இல் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை கல்லூரியில் எனக்குப் பாடமாக இருந்தது. வெள்ளை உடுப்பும் இறுக்கிக் கட்டிய தலைப்பாகையுமாக ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நான்கு பித்தளைப் பந்துகளை ஒன்றோடொன்று முட்டாமல் காற்றில் சுழல விடுகிறார். பார்த்துக்கொண்டிருந்த ஹாஸ்லிட்டுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. இவ்வளவு சுத்தமாகச் செய்ய எனக்கு ஏதாவது ஒரு வேலை தெரியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். தேர்வுக்காக அந்தப் பத்தியை மனப்பாடம் செய்தேன். தரையில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் இன்னார்தான் என்று ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். லண்டன் சுவரொட்டிகளில் அவர் பெயர் ‘ராமோ சாமி’. நம் காதுக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிடும்: ராமசாமி. சென்னையிலிருந்து 1810-களில் கப்பலேறிப் போன வித்தைக் குழுவில் ஒருவர். பந்து வித்தை, வாள் விழுங்குவது எல்லாம் செய்தார். 1819-இல் அமெரிக்கா வரை போய் ஆடியிருக்கிறார். ஆங்கிலேயப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் பிரிட்டன் முழுக்க அவர் பெயர் ஓடியது. 1850-இல் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லை. மனைவி பத்திரிகை வழியாகப் பொதுமக்களிடம் கையேந்தினார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரைப் பார்த்துக் கைதட்டிய அந்தக் கூட்டத்துக்கு, அவர் எந்த ஊரிலிருந்து, யார் ஆட்சியிலிருந்து வந்தார் என்பது எவ்வளவு தெரிந்திருக்கும்? அந்தக் காலத்துச் சாதாரண பிரிட்டிஷ்காரரின் பாட்டு, நாடகம், சாப்பாடு, பிள்ளைகளின் கதைப் புத்தகம் இவற்றிலெல்லாம் பேரரசு உண்மையிலேயே புகுந்திருந்ததா? இல்லை, ஆளப்பட்ட பக்கம் நிற்பதால் நமக்கு மட்டும் அப்படித் தெரிகிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வாத்தியார்_மணி

நல்ல இழை. முதலிலேயே ஒரு மறுப்போடு வருகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் 26 வருடம் வரலாறு நடத்துகிறேன். ‘பேரரசு எல்லாவற்றிலும் இருந்தது’ என்று எழுதுவது இப்போது மிகச் சுலபமாகிவிட்டது.

1862-க்குப் பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளுக்கு அரசு மானியம், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகள் தேறுவதை வைத்துத்தான் வந்தது. வரலாற்றுக்கும் புவியியலுக்கும் அங்கே அதிக நேரம் இல்லை. லங்காஷயர் ஆலைத் தொழிலாளிக்குப் பம்பாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சீலி 1883-இல் குறைப்பட்டுக்கொண்டதே இதைத்தான்: பாதி உலகத்தைப் பிடித்துவிட்டு, பிடித்த நினைப்பே இல்லாமல் இருக்கிறோமே என்று. வரலாற்றாசிரியர் பெர்னார்ட் போர்ட்டர் 2004-இல் இதே வாதத்தை ஒரு முழு நூலாக எழுதினார். பெரும்பான்மை மக்களுக்குப் பேரரசு ஒரு பொருட்டாகவே இல்லை என்பது அவர் முடிவு. ஜான் மெக்கன்சி 1984-லேயே இதற்கு நேரெதிராக எழுதியவர். சிகரெட் அட்டை முதல் நாடகம் வரை எல்லாம் பேரரசைத்தான் பரப்பின என்றார். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் பேசுவோம்.

பிரிஸ்டல்_சுதா

மணி சார், போர்ட்டரை நானும் படித்தேன். அவர் பாடப்புத்தகத்தையும் அரசியல் பேச்சையும் வைத்து அளக்கிறார். மக்கள் அங்கே கற்றுக்கொள்ளவில்லை, சரி. காசு கொடுத்து எதைப் பார்க்கப் போனார்கள் என்று பாருங்கள்.

திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே மாதம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அடுத்த வருடமே லண்டன் லைசியம் அரங்கில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற 22, 23 வயது ஓவியர், கோட்டை பிடிபட்ட காட்சியை 120 அடி நீளத் திரைச்சீலையில் வரைந்து வைத்தார். பனோரமா என்பார்கள். படத்தை அரைவட்டமாக வளைத்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் போய் நின்றால் போர்க்களத்தில் நிற்பதுபோல இருக்கும். சினிமாவுக்கு நூறு வருடம் முன்னால் சினிமா என்று வைத்துக்கொள்ளுங்கள். தான் கண்ணால் பார்க்காத கோட்டையை ஆறே வாரத்தில் வரைந்து முடித்தார். கூட்டம் அலைமோதியது.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு அருகே ஆஸ்ட்லி அரங்கம் இருந்தது. பாதி சர்க்கஸ், பாதி நாடகக் கொட்டகை. உயிருள்ள குதிரைகள் மேடையில் ஓடும், வெடிமருந்துப் புகை கிளம்பும். 1829-இல் அங்கே திப்புவின் சாவை மேடையேற்றினார்கள். முப்பது வருடம் கழித்தும் திப்பு ‘ஓடுகிற’ சரக்கு. அந்த அரங்கின் மலிவு இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் யார்? மணி சார் சொன்ன அதே படிக்காத மக்கள்தான்.

அப்புறம் அந்தப் புலி. திப்புவின் அரண்மனையில் எடுத்த மரப்புலி. கீழே விழுந்து கிடக்கும் ஐரோப்பியச் சிப்பாயின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் உள்ள பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் கையைத் தூக்கி முனகுவான். 1808 முதல் லண்டன் லெடன்ஹால் தெருவில், கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலக நூலகத்தில் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து சுற்றலாம். வந்தவர்கள் ஓயாமல் சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்து சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்துக்கொண்டிருந்த அறிஞர்கள் தவித்துப்போனார்கள். கடைசியில் பிடி காணாமல் போன பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி.

இன்னொன்றும் உண்டு. 1792 டிசம்பரில் வங்காளத்தின் சாகர் தீவில் மன்ரோ என்ற இளம் அதிகாரியைப் புலி அடித்துக் கொன்றது. ஜெனரல் ஹெக்டர் மன்ரோவின் மகன். அந்தச் செய்தி இங்கிலாந்தில் நாற்பது வருடத்துக்கு ஓயவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் அதை மண்பொம்மையாகவே வார்த்தார்கள்: சிவப்புக் கோட்டுப் போட்ட மனிதனின் தலை புலி வாயில். வீட்டுக் கணப்பு மாடத்தில் அழகுக்கு வைக்கும் பொம்மை அது! இதை வாங்கி வைத்த வீட்டில் பேரரசு நினைப்பே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குட்டிப்புலி

அந்த மரப்புலி இன்னும் உறுமுமா அக்கா?

பிரிஸ்டல்_சுதா

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது தம்பி. இரண்டாம் உலகப் போரில் உடைந்து, பிறகு ஒட்டிச் சேர்த்தார்கள். பார்வையாளர்கள் கை வைக்க முடியாது. உன் பெயருக்காகவாவது ஒருமுறை வந்து பார்.

கொட்டகைப்_பிரியன்

என் பங்குக்குப் பாட்டு. தெருக்கூத்திலும் இசை நாடகத்திலும் ஊறியவன் நான். பிரிட்டிஷ் ‘மியூசிக் ஹால்’ பற்றிப் படித்தபோது ஏதோ சொந்த ஊர்க் கொட்டகைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மேசை போட்டு பீர் குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள். முன்னால் ஒரு தலைவர் சுத்தியலைத் தட்டி அடுத்த பாடகரை அழைப்பார். பல்லவி வந்ததும் கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடும். அந்தப் பல்லவியில்தான் விஷயம் இருக்கிறது.

1877-இல் ரஷ்யாவும் துருக்கியும் மோதிக்கொண்டன. பிரிட்டனும் இறங்கப் போகிறதா என்று ஊரெங்கும் ஒரே பேச்சு. அப்போது ஜி. டபிள்யூ. ஹண்ட் எழுதிய பாட்டை மக்டெர்மட் என்ற பாடகர் லண்டன் பெவிலியன் என்ற கொட்டகையில் பாடினார். எங்களுக்குச் சண்டை வேண்டாம், ஆனால் ‘பை ஜிங்கோ’, இறங்கிவிட்டோம் என்றால் கப்பல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பணமும் இருக்கிறது என்று போகும் பல்லவி. 1878 தொடக்கத்தில் அது தெருவெல்லாம் ஒலித்தது. போர்வெறிக்கு ஆங்கிலத்தில் ‘ஜிங்கோயிசம்’ என்ற சொல்லே அந்த வருடம் இந்தப் பாட்டிலிருந்து பிறந்ததுதான். ஒரு கொட்டகைப் பாட்டு அரசியல் அகராதிக்கே சொல் கொடுத்திருக்கிறது.

மணி சார் பக்கத்துக்கும் இதில் சாட்சி உண்டு. ஹெர்பர்ட் கேம்பல் என்ற நகைச்சுவைப் பாடகர் அதே மெட்டில், எனக்குச் சண்டை வேண்டாம், போனால் என்னை வெட்டிப்போடுவார்கள் என்று மாற்றிப் பாடினார். அதற்கும் கைதட்டல் குறையவில்லை. பாடியவர்கள் எல்லோரும் போர் கேட்டவர்கள் அல்ல.

ஆனால் எனக்கு நெஞ்சில் தைத்தது மூன்றாவது வடிவம். அந்த வருடம் பிரதமர் டிஸ்ரேலி சுமார் 7,000 இந்தியச் சிப்பாய்களை மால்டா தீவுக்குக் கப்பலில் வரவழைத்தார், ரஷ்யாவை மிரட்ட. உடனே பல்லவி மாறியது: சண்டை வந்தால் நாங்கள் வீட்டிலேயே இருந்து பாடிக்கொண்டிருப்போம், சாதுவான இந்துவை அனுப்பிவைப்போம் என்று. தங்களையே குத்திக்காட்டிய பாட்டுத்தான். அப்படியென்றால் தங்களுக்குப் பதிலாக யார் சாகப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தப் பாட்டு ஒலித்தபோது சென்னை மாகாணம் எப்படி இருந்தது? தாது வருடப் பஞ்சம். 1876 தொடங்கி 78 வரை. நம் பாட்டன் பூட்டன் பஞ்ச முகாம்களிலும் கஞ்சித் தொட்டி முன்னாலும் விழுந்து செத்த காலம். அந்தப் பஞ்சத்துக்காக லண்டன் மேயர் நிதி திரட்டியபோது பிரிட்டிஷ் மக்கள் லட்சக்கணக்கான பவுண்டு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பாட்டுப் பாடிய ஊரும் காசு போட்ட ஊரும் ஒன்றுதான். இதை எப்படி ஒரே மனதுக்குள் வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் புரிபடவில்லை.

வாத்தியார்_மணி

கொட்டகைப்பிரியன், அந்த மூன்றாவது வடிவம் எனக்கு வலுவான அடி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது மேஃபெக்கிங் என்ற ஊரில் பிரிட்டிஷ் படையைச் சூழ்ந்திருந்த முற்றுகை உடைந்த செய்தி 1900 மே 18, வெள்ளிக்கிழமை இரவு லண்டனுக்கு வந்தது. நகரமே தெருவில் இறங்கி ஆடியது. ஆங்கிலேயத் தொழிலாளிக்குப் பேரரசு வெறி இருந்ததற்கு இதுதான் சான்று என்று காலங்காலமாக எழுதினார்கள். ரிச்சர்ட் பிரைஸ் 1972-இல் ஆராய்ந்து பார்த்தார். ஆர்ப்பாட்டத்தில் முன்னால் நின்றவர்களில் எழுத்தர்களும் மாணவர்களும் அதிகம். தொழிலாளி பட்டாளத்தில் சேர்ந்ததற்குப் பெரும்பாலும் வேலையில்லாத் திண்டாட்டமே காரணம் என்கிறார். முற்றுகை உடைந்தது, அண்ணன் உயிரோடு வருவான் என்று ஆடுவதும், கண்டங்களைப் பிடித்தோம் என்று ஆடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். மேடையில் பாடியதை வைத்துப் பார்வையாளரின் மனதைப் படிப்பது ஆபத்து. எம்.ஜி.ஆர். படம் பார்த்தவர் எல்லோரும் வாள் சுற்றவில்லையே.

ஹட்டன்_பேத்தி

மணி சார் சொல்றது எனக்கும் புரியுது. மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரும் தோண்டிப் பார்க்க முடியாது. அதனால வாய்க்குள்ள என்ன போச்சுன்னு நான் சொல்றேன்.

எங்க அம்மாயி கொழுந்து எடுத்தவங்க. அவங்க அம்மாவும் அதே தோட்டம்தான். அதனால தேயிலையப் பத்தி எது கண்ணுல பட்டாலும் விடாமப் படிப்பேன்.

1840-கள்ல பிரிட்டன்ல ஆளுக்கு வருஷத்துக்கு ஒன்றரை ராத்தல் தேயிலைதான் (ஒரு ராத்தல்னா அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு). அதுவும் கிட்டத்தட்ட எல்லாம் சீனாவுடையது. 1900 வந்தப்ப ஆளுக்குச் சுமார் ஆறு ராத்தல். சீனத் தேயிலை ஓரங்கட்டப்பட்டாச்சு. அசாம் தேயிலை முதன்முதலா லண்டன் ஏலத்துக்கு வந்தது 1839-ல. ஐம்பது வருஷத்துல இந்தியத் தேயிலை சீனத்தை முந்திருச்சு. இதுல விலைக்குப் பெரிய பங்கு உண்டு. விளம்பரத்துக்கும் உண்டு. சீனத் தேயிலை அழுக்கு, கலப்படம், கையால உருட்டினது. நம்ம பேரரசுத் தேயிலை சுத்தம், இயந்திரத்துல உருட்டினது. இதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நாக்குப் பழக்கத்தையே மாத்தின பிரசாரம் அது.

இலங்கைல முதல்ல காப்பிதான். 1869-ல இலைத்துரு நோய் வந்து காப்பி அழிஞ்சுபோச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஜேம்ஸ் டெயிலர்ங்கிற ஸ்காட்லாந்து துரை லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டிருந்தாரு. 1873-ல லண்டனுக்குப் போன சரக்கு வெறும் 23 ராத்தல். அங்கிருந்து எப்படி வளர்ந்துச்சுன்னா, 1891-ல லண்டன் மின்சிங் லேன் ஏலத்துல கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை ஒரு ராத்தல் 25 பவுண்டு 10 ஷில்லிங்குக்குப் போச்சு. அந்த விலைக்கு யாரும் குடிக்கப் போறதில்ல. பத்திரிகைல பேர் வரணும், அதுக்குத்தான்.

1890-ல தாமஸ் லிப்டன் இலங்கைல தோட்டங்கள வாங்கினாரு. அவர் மளிகைக் கடை வச்சு மேல வந்தவரு, ஏழை சனத்துக்கு எது பிடிக்கும்னு தெரியும். தேயிலைய நிறுத்து மடிச்சுக் கொடுக்காம, முன்கூட்டியே பொட்டலம் போட்டு ஒரே விலைல வித்தாரு. ‘தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு’ங்கிறது அவரோட வாசகம். அதுக்குக் கூடவே ஒரு படம்: சேலை கட்டி, தலைல கூடை மாட்டின ஒரு பொண்ணு, சிரிச்ச முகம்.

அந்தப் பொண்ணு யாரு? எங்க ஆளு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துல இருந்து பஞ்சத்துக்குப் பயந்து கண்டிச் சீமைக்குப் போனவங்களோட வம்சம். மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க. காலராவுலயும் காய்ச்சல்லயும் வழி நெடுகச் செத்தாங்க. பொழுது விடியும் முன்ன பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நிக்கணும், அட்டை கடி, மழை, ராத்திரிக்கு லயம்ங்கிற வரிசை வீட்டுல ஒரே அறை. இதெல்லாம் பெட்டில இல்ல. ‘நேராக’ங்கிற ஒரு சொல்லு இடையில இருந்த எல்லாத்தையும் அழிச்சிருச்சு.

தோட்டம் தெரிஞ்சுது சார், அவங்களுக்கு. படம் போட்டே காட்டினாங்க. எப்படிக் காட்டணுமோ அப்படிக் காட்டினாங்க.

குட்டிப்புலி

அக்கா, இதைப் படிச்சிட்டு இப்ப கையில இருக்கிற டீயைக் கீழ வச்சிட்டேன்.

ஹட்டன்_பேத்தி

வச்சிராதீங்க தம்பி, குடிங்க. அம்மாயி இருந்திருந்தா ஆறிப்போகுதுன்னு திட்டியிருப்பாங்க.

அடுப்படி_அன்னம்

தேநீர் வந்தாச்சு, நான் சாப்பாட்டைக் கொண்டுவருகிறேன்.

‘முல்லிகடானி’ சூப் நம் மிளகுத்தண்ணிதான். சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் சூப் கேட்டிருக்கிறார்கள். நம் சமையற்காரர்களிடம் அப்படி ஒரு பண்டம் இல்லை. மிளகு ரசத்தில் கறித்துண்டைப் போட்டுக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய துரைமார் அந்த ருசியையும் கூடவே கொண்டுபோனார்கள். 1861-இல் வெளிவந்த திருமதி பீட்டனின் வீட்டுக் குறிப்பு நூலில், இந்தியாவை வாழ்நாளில் பார்க்காத நடுத்தர வீட்டுப் பெண்களுக்காக அது இடம்பிடித்திருக்கிறது. கூடவே கறிப்பொடி. வீட்டில் மிஞ்சிய ஆட்டிறைச்சியைத் தீர்க்க இந்தக் கறிப்பொடி அவர்களுக்குப் பெரிய உதவி. ‘கறி’ என்ற சொல்லும் நம்முடையதுதான், சுருட்டும் ‘செரூட்’ ஆனது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் வந்த 1887-ஆம் வருடக் கதையில், சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். அதை வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழுதியவருக்கு இருக்கவில்லை பாருங்கள். உறையூர்ச் சுருட்டு லண்டன் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பொருளாக இருந்திருக்கிறது.

நம் பட்டுச் சேலைக் கரையில் வரும் மாங்காயை அவர்கள் ‘பெய்ஸ்லி’ என்பார்கள். அது ஒரு ஸ்காட்லாந்து ஊரின் பெயர். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து அந்த ஊர் நெசவாளர்கள் மலிவாக நெய்து தள்ளினார்கள். சால்வை காஷ்மீரத்தது, பெயர் மட்டும் பெய்ஸ்லியுடையது.

இன்னொன்று: வூஸ்டர் சாஸ். அதில் புளி சேர்கிறது. வங்காள கவர்னராக இருந்த சாண்டிஸ் பிரபு கொண்டுவந்த செய்முறை என்பார்கள்.

வாத்தியார்_மணி

அன்னம் அம்மா, மற்றதெல்லாம் சரி. கடைசிக் கதை விற்பனைக்காகக் கட்டியது. சாண்டிஸ் என்ற பெயரில் வங்காளத்துக்கு கவர்னர் யாரும் இருந்ததில்லை. பழைய லேபிளில் மாவட்டத்துப் பிரபு ஒருவரின் செய்முறை என்று மட்டும்தான் இருந்தது.

எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தால், இது என் வாதத்துக்கே எதிராகப் போகிறது. இந்தியக் கதை ஒன்றைச் சேர்த்தால் சாஸ் கூடுதலாக விற்கும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. வாங்குகிறவர் மனதில் அந்தக் கதைக்கு இடம் இல்லாமல் அப்படித் தோன்றாது.

அடுப்படி_அன்னம்

திருத்தத்துக்கு நன்றி சார். இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆற்காட்டான்

நான் சொல்லப்போவது சின்ன வயதுக் கதை. எங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்தில், மிஷன்காரர்கள் காலத்திலிருந்து மிஞ்சிய ஆங்கிலப் புத்தக அலமாரி ஒன்று இருந்தது. அதில் ஜி. ஏ. ஹென்டி எழுதிய சிறுவர் கதைகள். எண்பதுக்கு மேல் எழுதியவர். அநேகமாக எல்லாம் ஒரே அச்சு: பதினாறு வயது ஆங்கிலேயப் பையன், அப்பா இல்லை, துணிச்சல் உண்டு, ஒரு படையெடுப்பில் போய்ச் சேர்வான், தளபதிக்கு வலது கையாவான், பணத்தோடு வீடு திரும்புவான். 1879-இல் தொடங்கிய ‘பாய்ஸ் ஓன் பேப்பர்’ என்ற ஒரு பென்னி வார இதழும் இதே வகைச் சாகசக் கதைகளை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது.

ஹென்டி 1884-இல் கிளைவைப் பற்றி எழுதிய கதையில் எங்கள் ஊர் வருகிறது! 1751 ஆற்காடு முற்றுகை. பன்னிரண்டு வயதில் என் ஊர்ப் பெயரை ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்த பரவசத்தை எப்படிச் சொல்ல. கோட்டைக்குள் கிளைவ், வெளியே ராஜா சாகிப்பின் படை. நான் கிளைவ் பக்கம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டு படித்தேன். கோட்டைச் சுவரில் ஏறி வருகிறவர்கள் ஒவ்வொருவராக விழும்போது மகிழ்ந்தேன். விழுந்தவர்கள் என் ஊர்க்காரர்கள் என்பது உறைக்கவே பல வருடம் ஆனது. டெல்லி கேட் பக்கம் போகும்போதெல்லாம் இப்போதும் அது நினைவுக்கு வரும்.

முற்றுகை பற்றி மெக்காலே 1840-இல் எழுதிப் பரப்பிய ஒரு கதை உண்டு. அரிசி தீர்ந்துகொண்டே வந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் போய், சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதைப் படித்து உருகினார்கள். கஞ்சி குடித்த சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கதையில் கிடையாது. பழையதாள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

மணி சார் கேட்ட ‘மனதுக்குள் என்ன இருந்தது’ என்ற கேள்விக்கு என்னால் என் மனதை மட்டும் காட்ட முடியும். ஆளப்பட்ட ஊரில் பிறந்த என்னையே நூறு வருடம் கழித்து அந்தக் கதை கிளைவ் பக்கம் நிற்க வைத்தது. எழுதப்பட்ட காலத்தில், யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பையனை எங்கே நிற்க வைத்திருக்கும்?

பிரிஸ்டல்_சுதா

ஆற்காட்டான் அண்ணா, கண் கலங்கிவிட்டது.

பெயர் இல்லாதவர்கள் என்றதும் எனக்குக் கண்காட்சிகள் நினைவுக்கு வந்தன. 1851 லண்டன் பெருங்கண்காட்சியைச் சுமார் அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள். இந்தியப் பகுதியில் கோஹினூர் வைத்திருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு மின்னவில்லை என்று கூட்டம் முகம் சுளித்தது. அடுத்த வருடமே அதை வெட்டிப் பட்டை தீட்டி, எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம் வைத்தார்கள். வங்காள நவாப் அனுப்பிய அம்பாரியும் அங்கே இருந்தது. அம்பாரியை ஏற்றிவைக்க யானை வேண்டுமே! சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூர் அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த யானை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது ஆப்பிரிக்க யானை. கூட்டத்துக்கு யானை என்றால் யானை.

1886-இல் தென் கென்சிங்டனில் காலனிகளுக்கும் இந்தியாவுக்குமான கண்காட்சி. 55 லட்சம் பேர் வந்தார்கள். அங்கே ஓர் அரண்மனை முற்றம் அமைத்து, இந்தியக் கைவினைஞர்களை உட்காரவைத்து நெய்யவும் வனையவும் செதுக்கவும் விட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் கிராமத்துக் கலைஞர்கள் என்று பார்வையாளர்கள் நினைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆக்ரா சிறையில் கைத்தொழில் பழகியவர்கள். கண்காட்சிப் பணிக்குப் போன வங்காள அதிகாரி திரைலோக்கியநாத் முகர்ஜி, தங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் பற்றித் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். பார்த்தவர்களைத் திருப்பிப் பார்த்து எழுதிய நம் பக்கத்து எழுத்து அது, தேடிப் படியுங்கள். அந்தக் கைவினைஞர்களில் சிலரை விக்டோரியா ராணி, ஸ்வோபோடா என்ற ஓவியரைக் கொண்டு வரையச் சொன்னார். பக்ஷிராம் என்ற முதிய குயவரின் முகம் ஆஸ்போர்ன் மாளிகையில் இன்றும் இருக்கிறது. நான் அதன் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அவருக்காவது பெயர் மிஞ்சியது.

ஆப்பிரிக்கர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடியது. 1810-இல் பிக்காடிலியில் சாரா பார்ட்மன் என்ற பெண்ணைக் காசுக்குக் காட்டினார்கள். அவருடைய எலும்புகள் பாரிஸ் அருங்காட்சியகத்திலிருந்து தென்னாப்பிரிக்க மண்ணுக்குத் திரும்ப 2002 வரை ஆனது. அதற்குத் தனி இழையே வேண்டும், இங்கே இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கே வலிக்கிறது.

கொட்டகைப்_பிரியன்

சோப்பு விளம்பரங்களை யாருமே தொடவில்லையே. 1853-இல் சோப்பு வரி எடுக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கப் பாமாயில் வந்து குவிந்தது. சோப்பு மலிவானது. அதை விற்க வந்த பியர்ஸ் நிறுவனத்தின் படங்களில், கறுப்புக் குழந்தையைக் கழுவி வெள்ளையாக்குவார்கள். 1887-இல் சூடான் பாலைவனப் பாறையில் சோப்பின் பெயரை எழுதி, சூடானிய வீரர்கள் அதைப் பார்த்து மலைத்து நிற்பதாக ஒரு படம் போட்டார்கள். நம் ஊரில் முகப்பூச்சு விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைதான் தெரியும்.

பழையதாள்

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை இப்படிப் பெருகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராமசாமியிடம் திரும்பி வருகிறேன்.

1849 கோடையில் வைட் தீவில் பான்சர்ச் என்ற ஊரில் சார்லஸ் டிக்கன்ஸ் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அவருக்கு மாயவித்தை என்றால் உயிர். நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு காட்சி நடத்தினார். முகத்திலும் கையிலும் கறுப்புப் பூசிக்கொண்டு, நீள அங்கி மாட்டிக்கொண்டு, தனக்கு ‘ரியா ராமா ரூஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். கைவிளம்பரமும் அவரே எழுதினார்.

ராமா! அந்தப் பெயர் எங்கிருந்து வந்திருக்கும்? முப்பது வருடம் ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பந்து சுழற்றி, வாள் விழுங்கி, ‘இந்திய வித்தைக்காரர் என்றால் இப்படித்தான் ஒலிக்கும்’ என்று அந்தப் பெயரை அவர்கள் காதில் பதியவைத்திருந்தார். அந்தக் காட்சி நடந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அடுத்த வருடம் இறந்தார். வேஷத்துக்கு அவருடைய பெயரும் நிறமும் தேவைப்பட்டன, அடக்கச் செலவுக்கு மனைவி கையேந்த வேண்டியிருந்தது.

மணி சார், கூட்டத்துக்குப் பேரரசு பற்றித் தெரியுமா என்று நான் முதலில் கேட்டேன். இப்போது அந்தக் கேள்வி எனக்குப் போதவில்லை. புலியைத் தெரியும், சுருட்டைத் தெரியும், கூடை மாட்டிய பெண்ணைத் தெரியும், பந்து சுழற்றுகிறவரைத் தெரியும். பெயர் கேட்கத் தோன்றாத அளவுக்கு நன்றாகவே தெரியும். கல்லூரியில் எனக்கும் அப்படித்தானே இருந்தது.

வாத்தியார்_மணி

பெர்னார்ட் போர்ட்டர் சொன்னதை நான் முழுக்கக் கைவிடவில்லை. அரசுக் கொள்கை, தேர்தல், ஓட்டு என்று பார்த்தால் தொழிலாளிக்குத் தன் கூலியும் ரொட்டி விலையும்தான் முதலில். அது இப்போதும் என் கட்சி. ஆனால் நான் தேடிய இடம் குறுகியது என்று ஒத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் தேடினேன், அது சமையலறை அலமாரியில் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு படம் காட்டப்போகிறேன். ‘கேம்ப் காப்பி’ என்று ஸ்காட்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த காப்பிச்சாற்றுப் புட்டி. லேபிளில் கூடாரத்துக்கு முன் ஹைலாண்டர் என்ற ஸ்காட்லாந்துப் படையின் அதிகாரி உட்கார்ந்து காப்பி குடிப்பார், சீக்கிய வேலையாள் தட்டோடு பக்கத்தில் நிற்பார். பல பத்தாண்டுகள் கழித்துத் தட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள், ஆள் நின்றுகொண்டே இருந்தார். இப்போது வரும் லேபிளில் அவரும் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். மூன்றையும் வரிசையாக வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேட்கப்போகிறேன். வேறு எதுவும் நானாகச் சொல்லப்போவதில்லை.

ஹட்டன்_பேத்தி

சார், அந்தப் படங்களுக்குப் பக்கத்துல ஒரு இடம் விட்டு வையுங்க. அம்மாயி கொழுந்துக் கூடையோட நிக்கிற படம் ஒண்ணு வீட்டுல இருக்கு. சிரிக்கமாட்டாங்க, மழைல நனைஞ்சிருப்பாங்க. ஸ்கேன் பண்ணி அனுப்புறேன், கீழ அவங்க முழுப் பேரையும் எழுதி.